குளக்கட்டில் வைக்கப்போகும் உங்கள் படம்

என் ஆசை அண்ணாவுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் சுகமாக இருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். இங்கே என்றால் யாராவது ஒருவர் படலையில் வந்து நின்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அங்கே அந்தக் கரைச்சல் இருக்காது. ஓர் இடத்தில் ஆறுதலாக இருந்து தேத்தண்ணி குடிக்கிறீர்களா, அல்லது அங்கேயும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாக அலைகிறீர்களா?

முதலில் ஒரு செய்தி. கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும், சொல்லாமலும் விட ஏலாது. வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் ஆட்டத்திவசம். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்வந்த கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தீர்கள்; அதற்குள் வருடம் ஒன்று ஓடிவிட்டது. அன்றைக்குக் குளக்கட்டில், பிள்ளையார் கோயிலுக்குத் திரும்பும் இடத்தில், உங்கள் படத்தை ஆளுயரத்துக்குத் திறந்து வைக்கப்போகிறார்கள். சீமெந்துத் தூண் எழும்பிவிட்டது. நினைவு மலரும் வருகிறதாம். அதில் போடத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

எந்தப் படம் என்று கேட்கிறீர்களா? வேறு எந்தப் படம், அதே படம்தான். நெஞ்சுவரை சேறு, தோளில் சாக்கு மூட்டை, பின்னால் அலையடிக்கும் குளம், உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு. வன்னியில் அந்தப் படத்தைப் பார்க்காத ஆள் இல்லை.

அந்தச் சாக்குக்குள் என்ன இருந்தது என்று எனக்கும் உங்களுக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும். இன்றைக்கு எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். பேக்கரியில் வாங்கிய பாண்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். படம் எடுத்த அந்த மாரியில், மிஞ்சிய தண்ணீர் வான் வழியாகப் பாய்ந்தும் குளம் அடங்கவில்லை. கட்டின் கிழக்குப் பக்கம் மண் கரையத் தொடங்கியது. விடிய விடிய ஆட்கள் மண்மூட்டை அடுக்கினார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாய்க்காலின் கடைசிப் பக்கத்துக்காரர்கள். கட்டு உடைந்தால் முதலில் போவது அவர்களுடைய வீடுகள் அல்லவா? அந்தப் பக்கத்து நிசாம் நானா தன் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் வெறுஞ்சாக்குகளை ஏற்றிக்கொண்டு வந்தார். வந்தவர் வீட்டுக்குத் திரும்பவில்லை, இடுப்பளவு தண்ணீரில் நின்று மூட்டை வாங்கி அடுக்கினார்.

நீங்கள் அன்றைக்கு எங்கே இருந்தீர்கள்? என் கடையில். தண்ணீர் உள்ளே ஏறி, அரிசியும் சீனியும் நனையாமல் இருக்க ஒவ்வொன்றாகத் தூக்கி மேலே வைத்துக்கொண்டிருந்தீர்கள். காலையில் மழை விட்டு, கட்டும் தப்பிவிட்டது என்று கேள்விப்பட்ட பிறகுதான், வேலை செய்தவர்களுக்குப் பசிக்குமே என்று அக்கராயன் சந்தி பேக்கரியில் பாண் வாங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு கட்டுக்குப் போனீர்கள். அண்ணி சம்பல் இடித்து வாழையிலையில் கட்டித் தந்தா. போகிற வழியில் சைக்கிள் வழுக்கி வாய்க்காலுக்குள் விழுந்தீர்கள். பாணைக் கைவிடாமல் தோளில் தூக்கிக்கொண்டு, சேற்றோடு குளக்கட்டில் ஏறினீர்கள். அதைப் பார்த்து நிசாம் நானா சிரித்தார், நீங்களும் சிரித்தீர்கள். வெள்ளம் பார்க்க வந்த யாரோ ஓர் இளந்தாரி அந்த நேரம் பார்த்துப் போனைத் தூக்கினான்.

பின்னேரமே கனடாவிலிருந்து அழைப்பு வந்தது. “குளத்தைக் காத்த தனி மனிதன்” என்று எழுதி முகநூலில் போட்டிருந்தார்கள். அடுத்த கிழமை பேப்பரில் வந்தது. பிறகு பள்ளிக்கூடப் பரிசளிப்புக்குப் பிரதம விருந்தினர், பொன்னாடை, மாலை. நீங்கள் மேடையில் ஏறி, “பிள்ளையள், நான் பாண்தான் கொண்டு போனனான்” என்றீர்கள். ஒலிவாங்கியை வாங்கிய அதிபர் என்ன சொன்னார் என்று நினைவிருக்கிறதா? “பார்த்தீர்களா மாணவர்களே, இதுதான் அடக்கம்!” பிள்ளைகள் எழும்பி நின்று கை தட்டினார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கதிரையில் தொப்பென்று இருந்தீர்கள். “எடி பிள்ளை, நான் இல்லை இல்லை எண்டு சொல்லச் சொல்ல இது வளருது. இனி வாயைத் திறக்க மாட்டன்,” என்றீர்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது.

எனக்கு இருந்த கோபம் வேறு. நீங்கள் பெரிதாக ஒன்றும் செய்யாத ஆளாக இருந்தால், போகட்டும், ஊர் ஒரு பிழையான பேரைத் தந்துவிட்டது என்று விட்டிருப்பேன். ஆனால் நீங்கள் செய்தீர்கள். அதற்கு ஒரு படமும் இல்லை.

எங்கள் சிறுபோகத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாரியில் செய்யும் காலபோகத்துக்கு எல்லா வயலுக்கும் தண்ணீர் உண்டு. கோடையில் செய்யும் சிறுபோகத்துக்குக் குளத்தில் மிஞ்சுவது கொஞ்சம். குளத்தின் மதகை, அதாவது துருசைத் திறந்தால் அந்தத் தண்ணீர் பக்கத்து வயல்களுக்குத்தான் காணும், கடைசிப் பக்கம் போய்ச் சேராது. அதனால் பக்கத்து வயல்காரர் தங்கள் வயலை அந்த ஒரு போகத்துக்கு மட்டும் துண்டு துண்டாகப் பிரித்து, தண்ணீர் எட்டாத வயல்காரருக்கும் பங்கு கொடுப்பார்கள். எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வார்கள். வெட்டு முடிந்ததும் அவரவர் காணி அவரவருக்கு.

சொல்ல எவ்வளவு சுகம்! தன் வயலில் இன்னொருவன் நெல்லு வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க எந்தக் கமக்காரனுக்கு மனம் வரும்? போர் முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்து செய்த முதலாவது சிறுபோகத்தில், பங்குக் கூட்டத்திலேயே மண்வெட்டியைத் தூக்கினார்கள். எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்தவர்களுக்குக் கையில் இருந்தது அந்த மண் ஒன்றுதான். அதையும் பங்கு போடு என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

அந்த வருடம்தான் நீங்கள் தொடங்கினீர்கள். துருசுக்குப் பக்கத்தில், ஊரிலேயே நல்ல வயல் எங்கள் வீட்டு வயல். பங்கு கொடுக்கமாட்டேன் என்று யார் ஆகக் கூடச் சத்தம் போட்டாரோ, அவருக்கு அந்தத் துருசடி வயலைக் கொடுத்தீர்கள். அவருடைய வயலை அவரே தன் கையால் இன்னொருவருக்குக் கொடுக்கச் சொன்னீர்கள். ஊரின் ஆக நல்ல வயலைக் கையில் வாங்கிக்கொண்டு பிறகு என்னத்தைச் சத்தம் போடுவது? அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அப்படித்தான்.

கமக்கார அமைப்பில் நீங்கள் தலைவருமில்லை, செயலாளருமில்லை. கூட்டத்துக்கு முந்தின கிழமை சைக்கிளில் வீடு வீடாகப் போவீர்கள். காணியைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்க மாட்டீர்கள். “வெறுந்தேத்தண்ணி போதும்” என்று கதிரையில் இருந்து அவர்கள் சொல்வதைக் கேட்பீர்கள். ஏசினாலும் கேட்பீர்கள். எத்தனை வீட்டில் உங்களை ஏசியிருப்பார்கள்? நீங்கள் வந்து சொன்னதில்லை. கடையில் இருக்கிறவள் நான், எனக்கு எல்லாம் வந்து சேரும்.

பிறகு கூட்டம் நடக்கும், பங்கு பிரிப்பார்கள், விதைப்பார்கள், வெட்டுவார்கள். ஒரு சண்டையும் நடக்காது. நடக்காத சண்டையை யார் படம் எடுப்பது? அதனால் ஊருக்கு அது ஒரு காரியமாகவே தெரியவில்லை. பாண் மூட்டைதான் தெரிந்தது.

இனி இந்த வருடத்துக் கதைக்கு வருகிறேன். மாரி பொய்த்துவிட்டது, அண்ணா. குளம் அரைவாசிகூட இல்லை. பங்குனியில் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். துருசுப் பக்கத்து வயல்களுக்குத்தான் தண்ணீர் காணும் என்று நீர்ப்பாசன எஞ்சினியர் சொல்லி முடித்ததும், அமைப்பின் தலைவர் நடேசு அண்ணை எழும்பினார். உங்கள் படத்துக்கு ஓடித் திரிகிற ஆளே அவர்தான். அவருடைய வயல் உங்கள் துருசடி வயலுக்கு அடுத்தது.

“இந்த முறை பங்கு கஷ்டம்,” என்றார். “தண்ணி பாயிற வயல்காரர் செய்யட்டும். மற்றவை உழுந்தோ பயறோ போட்டுச் சமாளிக்கலாம்தானே?”

கடைசிப் பக்கத்தார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நிசாம் நானா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். போன காலபோகத்தில் அவருடைய நெல்லை மழைக்குறைவும் பூச்சியும் தின்றுவிட்டன. இந்தப் பங்கு இல்லை என்றால் வவுனியாவுக்கு மூட்டை தூக்கப் போகவேண்டியதுதான் என்று அதற்கு முதல்நாள்தான் என் கடையில் சொல்லிவிட்டுப் போனார்.

பின்னால் யாரோ உங்கள் பேரைச் சொல்லிக் கேட்டார்கள்: “தம்பிராசா அண்ணை இருந்தா இப்பிடி நடக்குமோ?”

நடேசு அண்ணை கும்பிட்டார். உண்மையாகவே கையெடுத்துக் கும்பிட்டார். “அவர் தெய்வம். அவரை மாதிரி எங்களால ஏலுமோ? நாங்கள் சாதாரண மனிசர். அதுதானே அவருக்குப் படம் வைக்கிறம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாருங்கள் அண்ணா, உங்களைத் தூக்கி மேலே வைத்தது இதற்குத்தானா? மேலே இருக்கிறவர் செய்ததைக் கீழே இருக்கிறவர்கள் செய்யத் தேவையில்லை. கும்பிட்டால் போதும். நீங்கள் சைக்கிளில் போய் ஏச்சு வாங்கிய மனிதன் என்று தெரிந்தால், எங்களாலும் ஏலும் என்று யாராவது நினைத்திருப்பார்கள். குளத்தையே தனியே தாங்கிப் பிடித்தவர் என்றால் யார் கிட்டே வருவது?

எழும்பிவிட்டேன். என் வாயைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. “நடேசு அண்ணை, அந்தப் படத்தில என்ர அண்ணர் தூக்கிக்கொண்டு நிக்கிறது மண்மூட்டை இல்லை. பாண். கட்டு உடையாமல் பார்த்தது இந்தா இருக்கிற கடைசிப் பக்கத்துச் சனம். இப்ப அவைக்குத்தான் பங்கு இல்லை எண்டுறியள்,” என்றேன்.

ஒரு கண நேரம் வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

“நிசாம் நானா, நீங்கள் சொல்லுங்கோவன்,” என்று அவர் பக்கம் திரும்பினேன்.

நானா தயங்கி எழும்பினார். “ஓம், பாண்தான். நானும் திண்டனான். பாதி நனைஞ்சு போச்சு. ஆனா நல்ல பசி, தங்கச்சி.”

எங்கோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு மண்டபம் முழுக்கச் சிரித்தது. நடேசு அண்ணை சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அண்ணரும் தங்கச்சியும் ஒரே அச்சு. தங்களைத் தாழ்த்திக் கதைக்கிறதில உங்களை வெல்லேலாது மகேசு, இருங்கோ,” என்றார். நானும் இருந்துவிட்டேன். வேறு என்ன செய்ய? நீங்கள் அந்தப் பள்ளிக்கூட மேடையில் எப்படி நின்றிருப்பீர்கள் என்று அப்போதுதான் சரியாக விளங்கியது.

அதற்குப் பிறகுதான் அண்ணி எழும்பினா.

எங்கள் அண்ணி, கூட்டத்தில் வாய் திறந்து யாராவது கண்டிருக்கிறார்களா? பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் இருந்து, கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழும்பினா. முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றா.

“துருசடி வயல் என்ர சீதனக்காணி,” என்றா. “இந்த முறை அதை நடேசு அண்ணை செய்யட்டும்.”

நடேசு அண்ணைக்கு விளங்கவில்லை. “எனக்கு என்னத்துக்குத் தங்கச்சி? என்ர வயல் பக்கத்திலதானே கிடக்கு.”

“அதுதான். பங்கு வேண்டாம் எண்டு இண்டைக்குக் கூடச் சத்தம் போட்டது நீங்கள்தானே. எங்கட வீட்டு வழக்கம் அது. என்ர வயலை நீங்கள் எடுங்கோ. உங்கட வயலை உங்களுக்கு விருப்பமான ஆளுக்கு நீங்களே குடுங்கோ.”

அவ்வளவுதான் சொன்னா. இருக்கவும் இல்லை, அப்படியே நின்றா. எஞ்சினியர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடேசு அண்ணை சால்வையை உதறித் தோளில் போட்டார். வேண்டாம் என்றால் உங்கள் வயலை வேண்டாம் என்று சொன்ன ஆளாகிவிடுவார், அதுவும் உங்கள் படத்துக்குத் தூண் கட்டுகிற நேரத்தில். கடைசியில், “சரி, என்ர துண்டை நிசாம் செய்யட்டும்,” என்றார். முகம் கோணித்தான் சொன்னார், ஆனால் சொன்னார். பிறகு ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் சொன்னார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் பங்கு பிரித்து முடிந்துவிட்டது.

வீட்டுக்குப் போனதும் அண்ணியின் பின்னாலேயே குசினிக்குள் போனேன். “அண்ணி, அண்ணர் தொடங்கின வழக்கத்தை விடாமல் காப்பாத்திப் போட்டியள்,” என்றேன். எனக்கு அவ்வளவு பெருமை.

அவ சிரித்தா. “ஆர் தொடங்கினது மச்சாள்?”

பிறகு தேங்காயைத் துருவிக்கொண்டே சொன்னா. முதல் வருடம், மண்வெட்டி தூக்கிய கூட்டம் முடிந்து நீங்கள் வந்து சாப்பிடாமல் பாயில் படுத்துவிட்டீர்களாம். “எனக்கு விசர் வந்திட்டுது. ஆர் கூடக் கத்துறானோ அவனுக்கு எங்கட வயலைத் தூக்கிக் குடுங்கோ, வாயை மூடுவான் எண்டு கத்தினன். கோவத்தில சொன்னது மச்சாள். அவர் எழும்பி இருந்தார். ‘உண்மையாத்தான் சொல்லுறியோ?’ எண்டு கேட்டார். நான் என்ன சொல்லுறது? ஓம் எண்டன். விடிஞ்சதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போட்டார்.”

“பிறகு ஒவ்வொரு வருசமும் உங்களைக் கேட்டவரோ?”

“கேக்காமல் குடுத்ததில்லை. நான் ஏலாது எண்டு சொன்ன வருசமும் இருக்கு. அந்த வருசம் மனிசன் மாட்டடியில நிண்டு மாட்டோட கதைச்சுக்கொண்டு திரிஞ்சார். பார்க்கச் சகிக்காமல் ஓம் எண்டு போட்டன்.”

அண்ணா, ஊருக்கு உங்களைச் சரியாகத் தெரியாது, எனக்குத்தான் தெரியும் என்று இவ்வளவு காலமும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவள் நான். உங்களைப் புகழ்ந்து யாராவது வந்தால், “எல்லாம் இவாட யோசனை” என்று குசினிப் பக்கம் கையைக் காட்டுவீர்கள். எல்லோரும் சிரிப்பார்கள். மனைவியைச் சந்தோசப்படுத்தச் சொல்கிறார் என்று நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். நீங்கள் அப்போதும் உள்ளதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தீர்களா? ஒரு மனிதன் உண்மையை வேறு எப்படித்தான் சொல்வது?

இதை மலரில் எழுதட்டுமா என்று அண்ணியைக் கேட்டேன். “எழுதுறதெண்டா எழுதுங்கோ. ஆனா ஒண்டு. நான் ஒரு நாள் கத்தினன், அவ்வளவுதான். அவர் வருசா வருசம் போய் இருந்து ஏச்சு வாங்கினவர். அதையும் சேர்த்து எழுதுங்கோ.” எது பெரிது என்று நான் கேட்கவில்லை. அவவும் சொல்லவில்லை.

படத்தைப் பற்றியும் கேட்டேன். பாண் மூட்டையைக் குளக்கட்டில் வைத்துக் கும்பிடவேண்டுமா, வேறு படம் போடச் சொல்லட்டுமா என்றேன். அண்ணி துருவலைக் கீழே வைத்துவிட்டா. “வேற படம் எங்க இருக்கு மச்சாள்? கலியாணப் படம், எங்கட சுதன் பிறந்த நேரம் எடுத்தது, எல்லாம் முள்ளிவாய்க்காலோட போச்சு. அதில அவர் சிரிச்சுக்கொண்டு நிக்கிறார். எனக்கு அது காணும்.” படம் அதுவே இருக்கட்டும், அண்ணா. கீழே பட்டங்கள் போட இருந்தார்கள், பெயர் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டோம். கோபிக்காதீர்கள். நீங்கள் சிரிப்பதை அண்ணி பார்க்கவேண்டும்.

இன்னொன்று இருக்கிறது. இதை எழுதத்தான் கை வராமல் இவ்வளவையும் முதலில் எழுதினேன்.

அண்ணி வயலைக் கொடுத்ததும் உங்கள் மகன் சுதன் கூட்டத்திலிருந்து இடையில் எழும்பிப் போய்விட்டான். துருசடி வயலை இந்த முறை தான் செய்வது என்று நினைத்து, வரம்பெல்லாம் வெட்டிக் கட்டி வைத்திருந்தானாம். அண்ணிக்கே அது தெரியாது. அன்றையிலிருந்து தாயோடு கதையில்லை. அவனுக்கு விழுந்த பங்கு தண்ணீர் பாயும் வயல்களின் கடைசி ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு. அதை விதைத்தான், ஆனால் தாய் வீட்டுப் படலையைத் திறக்கவில்லை.

ஒரு நாள் கடைக்கு வந்தான். தீப்பெட்டி வாங்கினான், போகவில்லை, நின்றான். “மாமி, ஊரெல்லாம் அப்பாவைக் கொண்டாடுது. நல்ல விசயம்தான். ஆனா ஒவ்வொரு சிறுபோகமும் எங்கட நல்ல வயலில வேற ஆரோ வெட்டினவை. நாங்கள் பார்த்துக்கொண்டு நிண்டம். அப்பா ஊரில எல்லாற்ற வீட்டிலயும் இருந்து தேத்தண்ணி குடிச்சார். என்னோட இருந்து எப்ப கதைச்சார்?”

இதற்கு நீங்கள் என்ன பதில் வைத்திருந்தீர்கள்? வைத்திருந்தீர்களா? ஊருக்கு நீங்கள் செய்ததற்கு உங்கள் பிள்ளையும் தன் பங்கைக் கொடுத்திருக்கிறான், அதை யாரும் அவனிடம் கேட்டு எடுக்கவில்லை. அண்ணியைக் கேட்டீர்கள். அவனைக் கேட்டீர்களா?

குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் இல்லாத வீட்டில் இருந்துகொண்டு உங்களை ஏசுவதற்கு எனக்கு மனமில்லை. நிசாம் நானாவின் துண்டில் நெல்லு பச்சைப்பசேலென்று நிற்கிறது. நேற்றுக் கடைக்கு வந்து, வவுனியாப் பயணம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நடேசு அண்ணை துருசடி வயலில் தன் வயலைவிடக் கவனமாகப் புல்லுப் பிடுங்குகிறார். இதெல்லாம் உங்கள் காரியம்தான், அண்ணியின் காரியம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை உங்கள் படத்தைத் திறக்கும்போது உங்கள் ஒரே மகன் ஒரு பக்கமும் அவனுடைய தாய் இன்னொரு பக்கமும் நின்றால், அந்தச் சிரிப்பை நான் எந்த முகத்தோடு பார்ப்பது?

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நாளைக் காலை கடையைச் சாத்திவிட்டுச் சுதன் வீட்டுக்குப் போவேன். வயலைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்க மாட்டேன். தாயிடம் வா என்று கூப்பிடவும் மாட்டேன். இருந்து, அவன் சொல்வதை முழுக்கக் கேட்பேன். உங்களை ஏசினாலும் கேட்பேன், என்னை ஏசினாலும் கேட்பேன். என்னைப் போன்ற வாய்க்காரிக்கு இது எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும். ஒரு நாளில் முடியாவிட்டால் அடுத்த நாளும் போவேன்.

போகும்போது இந்தக் கடிதத்தையும் கொண்டுபோய் அவனுக்கு வாசித்துக் காட்டுவேன். தன்னைப் பற்றி எழுதியதை வெட்டச் சொன்னால், அச்சுக்குக் கொடுக்கமுன் அவன் பேர் இல்லாமல் வெட்டிவிடுவேன். வெட்டாமல் விடு மாமி என்று அவன் சொன்னால் மட்டும்தான் இந்த வரிகள் மலரில் இருக்கும்.

உங்கள் கூடப்பிறந்தவள்,
சுதனின் மாமி,
மகேசு